பாடம் எப்போது முடியும்?

வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் பெற்றோர் பாடத்திட்டத்தைப் பற்றியோ தேர்வைப் பற்றியோ பேசத் தொடங்கினாலும், பேச்சு சீக்கிரமே ஒரு பொதுவான குறைக்கு வந்துவிடும். பிள்ளைக்குப் பாடம் புரிகிறது, செய்யவும் தெரிகிறது, ஆனால் செய்து முடிப்பதில்லை. இருபது நிமிடத்தில் போட்டுவிடக்கூடிய பத்துக் கணக்கு இரண்டு மணி நேரம் இழுக்கிறது. நடுவில் பென்சில் சீவ வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், ஜன்னலோரத்து அணிலைப் பார்க்க வேண்டும், ரப்பரைக் கிள்ளிக் கிள்ளித் துண்டாக்க வேண்டும். அடுப்படிக்கும் மேசைக்குமாக நடந்து "எத்தனை முடிஞ்சுது?" என்று கேட்டுக் கேட்டு அம்மா சலித்துப்போகிறார். மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது இருவர் முகமும் வாடியிருக்கிறது.

இதைச் சின்னத் தொல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. வீட்டுக்கல்வியின் பெரிய அனுகூலமே நேரம்தான். நாற்பது பேர் வகுப்பில் கிடைக்காத தனிக் கவனம் வீட்டில் கிடைக்கிறது. வருகைப் பதிவு, வரிசை, அடுத்தவர் முடிக்கும் வரை காத்திருத்தல் எதுவும் கிடையாது. பாடத்துக்குக் காலை நேரம் போக மீதிப் பொழுது விளையாட்டுக்கும் வாசிப்புக்கும் கைவேலைக்கும் மிஞ்ச வேண்டும். சுணக்கம் அந்த மிச்சத்தைத் தின்றுவிடுகிறது. தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே உள்ள இணக்கத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது.

இந்தச் சிக்கலை இன்று சந்திக்கும் குடும்பங்கள் சிலவல்ல. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நிறுவனம் கொரோனாக் காலத்தில் எடுத்த ஆய்வில், பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் வீட்டுக்கல்வி தருவதாகச் சொன்னவை 2020 வசந்த காலத்தில் 5.4 விழுக்காடு. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் அது 11.1 விழுக்காடாக உயர்ந்தது. இந்தியாவில் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் வீட்டுக்கல்வி பற்றித் தனியாக எதுவும் சொல்லவில்லை. இந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்களில் பல, பின்னர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகத் தம் பிள்ளைகளைப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு அனுப்புகின்றன.

சுணங்கும் பிள்ளையை என்ன செய்வது என்ற கேள்விக்குப் பழைய பதில்கள் இரண்டு: கண்டிப்பு, பரிசு. இரண்டுமே பிள்ளையைத் திருத்தப் பார்க்கின்றன. அதற்கு முன்னால் திருத்த வேண்டியது பாடத்தின் அமைப்பு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். வீட்டில் நடக்கும் பாடத்துக்குப் பெரும்பாலும் முடிவு என்று ஒன்று இருப்பதில்லை. முடிவு தெரியாத வேலையில் யாரும் விரைவதில்லை.

தேவைப்படும் நேரம், செலவிடும் நேரம்

அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ஜான் கரோல் 1963-இல் பள்ளிக் கற்றலுக்கு ஒரு மாதிரியை முன்வைத்தார். ஒரு மாணவர் ஒன்றைக் கற்கும் அளவு, அதைக் கற்க அவருக்குத் தேவைப்படும் நேரத்தில் எவ்வளவை அவர் உண்மையாகச் செலவிடுகிறார் என்பதைப் பொறுத்தது என்றார். திறமை என்று நாம் சொல்வதையும் அவர் நேரமாகவே கணக்கிட்டார். ஒருவருக்குக் குறைந்த நேரம் போதும், இன்னொருவருக்குக் கூடுதலாக வேண்டும். சொல்லித்தரும் விதம் மோசமானால் எல்லோருக்குமே தேவைப்படும் நேரம் கூடிவிடும்.

1970-களில் கலிபோர்னியாவில் இரண்டாம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் நடந்த பெரிய ஆய்வு ஒன்று இந்தக் கருத்தை வகுப்பறைக்குள் கொண்டுபோய்ச் சோதித்தது. பாடத்துக்கு ஒதுக்கிய நேரம் ஒன்று, பிள்ளைகள் உண்மையாகப் பாடத்தில் ஈடுபட்டிருந்த நேரம் வேறு. ஈடுபட்டிருந்த நேரத்திலும், பெரும்பாலும் சரியாகச் செய்ய முடிகிற வேலையில் கழிந்த நேரமே கற்றலோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது. மேசை முன் உட்கார்ந்திருக்கும் நேரம் தன்னளவில் எதையும் கற்றுத்தருவதில்லை.

பள்ளியிலும் பிள்ளைகள் சுணங்குகிறார்கள் என்பதை இந்த ஆய்விலிருந்து புரிந்துகொள்ளலாம். நாற்பது பேர் நடுவில் அது கண்ணில் படுவதில்லை. மணி அடித்ததும் முடிந்ததும் முடியாததும் பைக்குள் போய்விடுகிறது. வீட்டில் ஒரே பிள்ளை, எதிரிலேயே தாய். ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் வருகிறது. ஆகவே "என் பிள்ளை மட்டும் ஏன் இப்படி?" என்று மனம் உடைய வேண்டியதில்லை. பள்ளியில் மறைந்து கிடப்பது வீட்டில் வெளிச்சத்துக்கு வருகிறது. பார்க்க முடிகிற சிக்கலுக்கு வழியும் தேட முடியும்.

ஆம்பிள்சைடிலிருந்து வந்த கால அட்டவணை

இந்தச் சிக்கலை நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஆழமாக யோசித்தவர் இங்கிலாந்தின் ஷார்லட் மேசன் (1842–1923). பிராட்ஃபோர்டு நகரில் தாய்மாருக்கு அவர் ஆற்றிய உரைகள் 1886-இல் 'ஹோம் எஜுகேஷன்' என்ற நூலாக வந்தன. 1891-இல் அஞ்சல்வழிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். மறு ஆண்டு ஏரி மாவட்டத்து ஆம்பிள்சைடு ஊரில் ஆசிரியப் பயிற்சி நிலையம் திறந்தார். ஆம்பிள்சைடிலிருந்து பருவந்தோறும் பாடத்திட்டமும் கால அட்டவணையும் தேர்வு வினாக்களும் வீடுகளுக்குப் போயின. கடல் கடந்து குடியேறிய ஆங்கிலக் குடும்பங்களும் அவற்றைப் பெற்றன. வீட்டுப் பாடத்தைத் தாயோ வீட்டு ஆசிரியையோ நடத்தினர். இன்றும் ஆங்கிலம் பேசும் நாடுகளின் வீட்டுக்கல்விக் குடும்பங்கள் பலவற்றில் அவருடைய முறை வழக்கில் இருக்கிறது.

எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு எந்தப் பாடமும் 20 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்றார் மேசன். சிறு பிள்ளைகளின் முழுப் பாடமும் காலையிலேயே, சுமார் இரண்டரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கணக்குக்குப் பின் எழுத்து, எழுத்துக்குப் பின் பாட்டு என்று மூளையின் வேறு வேறு வேலைகள் மாறி மாறி வரும். கணக்கில் பிள்ளை சோர்ந்தால் கணக்கை எடுத்து வைத்துவிட்டு, அதற்குச் சற்றும் தொடர்பில்லாத ஒன்றைக் கொடுத்து, மனம் தெளிந்ததும் திரும்பக் கணக்குக்கு வர வேண்டும். ஒதுக்கிய நேரத்துக்குள் முடித்தால் மீதி நேரம் பிள்ளையின் சொந்தம்.

கதையோ வரலாறோ ஒரே ஒரு முறைதான் வாசிக்கப்படும்; அதன்பின் பிள்ளை கேட்டதைத் தன் சொற்களில் சொல்ல வேண்டும். மறுபடி வாசிப்பார்கள் என்று தெரிந்தால் முதல் வாசிப்பில் கவனம் தேவைப்படாது. ஒரே முறை என்று தெரிந்தால் கவனம் தானாகக் கூடும். இந்த விதிகள் எல்லாவற்றையும் ஒரே எண்ணம் கட்டுகிறது: இந்த நேரம் போனால் வராது என்பதைப் பிள்ளை உணர வேண்டும். அந்த உணர்வை அறிவுரையால் ஊட்ட முடியாது. பாடத்தின் அமைப்பே அதை ஊட்ட வேண்டும்.

பிற்காலத்து அறிவியல் இந்த முறைக்கு அரண் சேர்க்கிறது. வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வெளியிட்ட உளவியல் நூலில், வலிந்து செலுத்தும் கவனம் ஒரே மூச்சில் சில நொடிகளே நிற்கும், நழுவும்போதெல்லாம் திரும்ப இழுத்துவர வேண்டும் என்று காட்டினார். இப்படித் திரும்ப இழுக்கும் வேலையையும், குறுக்கே வரும் ஆசையை அடக்கும் வேலையையும், அடுத்து என்ன என்பதை நினைவில் வைக்கும் வேலையையும் மூளையின் முன்நெற்றிப் பகுதி பெருமளவில் தாங்குகிறது. அந்தப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளையிடம் இரண்டு மணி நேர ஒருமுகக் கவனத்தை எதிர்பார்ப்பது, இன்னும் வளராத உறுப்பை வேலை வாங்குவதாகும்.

ஏணியும் அட்டையும்

பாடத்துக்குத் தெளிவான முடிவு கொடுத்த முறை ஒன்று தமிழ்நாட்டிலேயே பெரிய அளவில் நடந்திருக்கிறது. ஆந்திரத்து ரிஷிவேலியில் ஊர்ப்புறப் பிள்ளைகளுக்காக உருவான முறையைப் பின்பற்றி, எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது 2003-இல் மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-இல் அது மாநிலம் முழுவதும் பரவியது. பாடம் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. அட்டைகளின் வரிசை ஒரு ஏணிப் படமாகச் சுவரில் இருந்தது. பிள்ளை தன் படியைத் தானே கண்டு, தன் அட்டையைத் தானே எடுத்து, முடித்ததும் அடுத்த படிக்குப் போகும். பக்கத்துப் பிள்ளை எந்தப் படியில் இருக்கிறது என்பது பொருட்டில்லை.

அந்தத் திட்டத்தின் நிறைகுறைகள் தனி விவாதம். வீட்டுக்கல்விக்கு அதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது பிள்ளைக்கே கண்ணால் தெரிகிறது. கரோல் சொன்ன தேவைப்படும் நேரம் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு என்பதையும் அந்த ஏணி ஒப்புக்கொள்கிறது. "இந்தப் புத்தகம் முழுவதும் இந்த வருஷத்துக்குள்" என்று மட்டும் தெரிந்த பிள்ளைக்கு, இன்று காலை எந்த இடத்தில் நிம்மதியாக மூச்சு விடலாம் என்று தெரிவதில்லை.

நச்சரிப்பு என்னும் பொறி

அமைப்பு சரியில்லாத வீட்டில் இடைவெளியை நச்சரிப்பு நிரப்புகிறது. அமெரிக்காவின் ஆரிகனில் பல்லாண்டு குடும்பங்களை நேரில் கவனித்து ஆராய்ந்த ஜெரால்டு பேட்டர்சன், 1982-இல் வெளியிட்ட நூலில் இதன் இயக்கத்தை விளக்கினார். பெற்றோர் ஒன்றைக் கேட்கிறார், பிள்ளை முரண்டு பிடிக்கிறது, பெற்றோர் குரலை உயர்த்துகிறார், பிள்ளையும் உயர்த்துகிறது, கடைசியில் ஒருவர் விட்டுக்கொடுக்கிறார். விட்டுக்கொடுத்த கணத்தில் சண்டை ஓய்ந்து இருவருக்கும் ஆறுதல் கிடைக்கிறது. அந்த ஆறுதலே பழக்கத்தை உறுதியாக்குகிறது. முரண்டு பிடித்தால் வேலை தள்ளிப்போகும் என்று பிள்ளை கற்கிறது. கத்தினால்தான் காரியம் நடக்கும் என்றோ, விட்டுவிட்டால் அமைதி கிடைக்கும் என்றோ பெற்றோர் கற்கிறார்.

வீட்டுப் பாடத்தில் இது இன்னும் மென்மையாக நடக்கும். பிள்ளை இழுத்தடித்தால் அம்மா வந்து பக்கத்தில் உட்காருகிறார், ஒரு கணக்கைத் தாமே பாதி போட்டுத் தருகிறார். ஆக, சுணக்கத்துக்குத் துணையும் உதவியும் கூலியாகக் கிடைக்கின்றன. சீக்கிரம் முடித்தாலோ "இவ்வளவு சீக்கிரமா? அப்போ இந்தப் பக்கத்தையும் போடு" என்று வேலை கூடுகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பிள்ளை மெதுவாகச் செய்வது முழுக்க நியாயமான முடிவு. பெற்றோர் அறியாமலே சுணக்கத்தைப் பயிற்றுவிக்கும் வழிகளில் இதைப் போல வலுவானது வேறில்லை.

பரிசு கொடுத்து வேகப்படுத்துவதிலும் எச்சரிக்கை வேண்டும். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வம் கொண்ட மழலையரில் சிலருக்கு வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்பே சொல்லி வரையச் செய்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தபோது அந்தப் பிள்ளைகள் தாமாக வரைந்த நேரம், அப்படிச் சொல்லப்படாதவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதிதான். பிடித்த பாடத்துக்குப் பரிசு அறிவிப்பது அந்தப் பிடிப்பையே தளர்த்தக்கூடும். வாய்ப்பாடு போல, பிள்ளைக்குத் தொடக்கத்திலிருந்தே ஆர்வமில்லாத சலிப்பான பயிற்சிக்கு இந்த ஆபத்து குறைவு. அங்கேயும் கைக்கு வரும் பொருளைவிட, முடித்தபின் கிடைக்கும் சொந்த நேரமே இயல்பான பலன்.

எந்தச் சுணக்கம்?

வெளியே ஒன்றுபோலத் தெரியும் சுணக்கத்துக்கு உள்ளே வேறு வேறு காரணங்கள் இருக்கின்றன. காரணம் மாறினால் மருந்தும் மாற வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது பாடத்தின் கடினம். பரக் ரோசன்ஷைன் 2012-இல் தொகுத்த கற்பித்தல் நெறிகளில், பயிற்சியில் பிள்ளை ஏறக்குறைய 80 விழுக்காடு சரியாகச் செய்வது நல்ல அளவு என்கிறார். பத்துக் கணக்கில் எட்டு சரியாக வர வேண்டும். ஐந்துதான் வருகிறது என்றால் பிள்ளை சோம்பலால் தயங்கவில்லை. தோற்பதற்கு அஞ்சித் தயங்குகிறது. ஒரு படி கீழே இறங்கிச் சொல்லித்தர வேண்டும். பத்தும் எப்போதும் சரி என்றால் பிள்ளைக்குத் தெரிந்ததையே திரும்பக் கொடுக்கிறோம். அந்தச் சலிப்பும் சுணக்கமாகவே வெளிப்படும்.

அடுத்தது உடம்பு. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். இரவு பதினொரு மணிக்குத் தொலைக்காட்சி அணையும் வீட்டில் காலைப் பாடம் சுணங்குவதில் வியப்பில்லை. அசைவும் அதே அளவு முக்கியம். வட கரோலினாவில் மேத்யூ மஹரும் அவர் குழுவினரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்குச் சுமார் 10 நிமிடம் வகுப்பறையிலேயே உடலை அசைக்கும் பயிற்சி தரப்பட்டது. பிள்ளைகள் பாடத்தில் ஈடுபட்டிருந்த நேரம் 8 விழுக்காடு கூடியது. தொடக்கத்தில் மிகக் குறைவாகக் கவனித்தவர்களிடம் 20 விழுக்காடு கூடியது. "முடிச்சாத்தான் விளையாட்டு" என்று விளையாட்டைப் பிணையாகப் பிடித்து வைக்கும் வழக்கம், கவனத்தை மீட்டுத் தரும் வழியையே அடைத்துவிடுகிறது.

மூன்றாவது, கவனக்குறைபாடும் கற்றல் குறைபாடும். கவனக்குறைபாட்டை உறுதிசெய்ய அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013 கையேடு வகுத்த விதிகள் கடுமையானவை: அறிகுறிகள் 12 வயதுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும், 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட சூழல்களில் தெரிய வேண்டும். பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கு வீடே முதன்மையான சூழல் என்பதால் கடைசி விதியில் பெற்றோர் தனிக் கவனம் வைக்க வேண்டும். பாட்டு வகுப்பில், மைதானத்தில், தாத்தா பாட்டி வீட்டில் பிள்ளை எப்படி இருக்கிறது? அங்கெல்லாம் இயல்பாக இருந்து பாட மேசையில் மட்டும் சுணங்கினால் மேசையைத்தான் சந்தேகிக்க வேண்டும். எங்கும் ஒரே மாதிரி என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். துறுதுறுப்பு எதுவும் இல்லாமல் பகற்கனவில் மூழ்கி, எதையும் மெதுவாகவே செய்யும் பிள்ளைகளைப் பற்றியும் தனி ஆய்வு நடக்கிறது. இந்த நிலைக்கு ஆய்வாளர் குழு ஒன்று 2022-இல் புதுப் பெயரும் முன்மொழிந்தது.

எழுத்து, வாசிப்பு வேலையில் மட்டும் சுணக்கம், வாய்மொழியில் கூர்மை என்றால் வாசிப்புக் குறைபாடு இருக்கலாம். கண் பரிசோதனையும் தேவைப்படலாம். இந்தியாவின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. முறையான சோதனையும் சான்றும் பெறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளைக்குத் தேர்வில் கூடுதல் நேரம் பெறும் வழி அதில்தான் திறக்கிறது.

ஒரு காலை வேளையின் அமைப்பு

இவற்றைச் சேர்த்து வீட்டுக்குள் கொண்டுவருவது பெரிய காரியமில்லை. ஒரு வாரம் எதையும் மாற்றாமல் குறித்துக்கொள்ளலாம்: எந்தப் பாடத்தில், எந்த நேரத்தில், எந்த இடத்தில் பிள்ளை நிற்கிறது என்று. அதன்பின் மிகவும் சுணங்கும் ஒரு பாடத்தை மட்டும் எடுத்து, அதற்கு 15 அல்லது 20 நிமிடம் வகுத்து, அந்த நேரத்துக்குள் நிதானமாக முடிகிற அளவு வேலையைப் பிள்ளையின் கண்முன் வைக்க வேண்டும். எதை முதலில் செய்வது, எங்கே உட்காருவது என்ற சிறு தேர்வுகளைப் பிள்ளையிடம் விடலாம். தானே தேர்ந்தது என்றால் மனம் ஒட்டும். தொடங்கும்போது அம்மா ஒருமுறை தெளிவாகச் சொன்னால் போதும். நடுவில் கேள்வி இல்லை, அதட்டல் இல்லை. முதல் கணக்குக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. சுணங்கிய பின் வந்து உட்காருவது தவிர்க்க வேண்டியது.

நேரம் முடிந்தால் பாடம் முடிந்தது. முன்னதாக முடித்தால் மீதி நேரம் பிள்ளையுடையது. அதில் இன்னொரு பக்கத்தைத் திணிக்கவே கூடாது. முடியாத பகுதி நாளை அதே பாடத்தின் நேரத்தில் முதலில் வரும். மற்றப் பாடத்தையோ மாலை விளையாட்டையோ அது விழுங்காது.

"அப்படியானால் இருபது நிமிடமும் சும்மா உட்கார்ந்து ஏமாற்றிவிட மாட்டானா?" என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி. முதல் சில நாள் சில பிள்ளைகள் அப்படிச் செய்து பார்ப்பார்கள். மீதி நேரம் உண்மையாகவே தனக்கு என்பதும், சுணங்கினால் அம்மாவின் கோபமோ துணையோ கிடைக்காது என்பதும் உறுதியாகத் தெரிந்த பிறகு, காத்திருப்பதில் லாபம் இல்லாமல் போகிறது. பல நாள் ஆகியும் மாறவில்லை என்றால் அளவு பெரிது, அல்லது பாடம் கடினம், அல்லது உடம்போ மனமோ வேறு ஏதோ சொல்கிறது. அப்போது மேலே சொன்ன காரணங்களுக்குத் திரும்ப வேண்டும். இந்த முறையில் சுணக்கம் தொடர்ந்தாலும் அது நமக்கு ஒரு தகவலைத் தருகிறது. நச்சரிப்பில் அந்தத் தகவல் சத்தத்தில் கரைந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேசனின் அட்டவணை போன பல வீடுகளில் சமையலுக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் பணியாளர்கள் இருந்தார்கள். இன்று நம் வீடுகளில் சமைப்பதும் துவைப்பதும் கைக்குழந்தையைப் பார்ப்பதும் பாடம் சொல்வதும் பெரும்பாலும் ஒரே பெண்ணின் தோளில் விழுகின்றன. பாடம் மதியம் வரை நீண்டால் அவருடைய நாளும் முழுவதும் போகிறது. குறுகிய, முடிவுள்ள பாடம் பிள்ளைக்கு எவ்வளவு நல்லதோ, அவ்வளவு அந்தத் தாய்க்கும் நல்லது. காலைப் பாட நேரத்தில் அவர் வேறெதற்கும் எழாமல் இருக்க, வீட்டில் மற்றவர்கள் கை கொடுப்பதும் வீட்டுக்கல்வியின் பகுதிதான். அப்பா அந்த நேரத்து அடுப்பை ஏற்றுக்கொள்வதும் கற்பித்தலில் சேரும்.

சுணங்கும் பிள்ளைகளில் பலர் வேறு வேலைகளில் சுணங்குவதில்லை. மணல்வீடு கட்டும்போதும் சைக்கிளைக் கழற்றிப் பூட்டும்போதும் மணிக்கணக்கில் ஒன்றிப்போகிறார்கள். கவனம் அவர்களிடம் இருக்கிறது. அதைப் பாட மேசைக்குக் கொண்டுவர ஒரு தெளிவான தொடக்கமும், கைக்கெட்டும் முடிவும், முடித்தபின் யாரும் பறிக்காத ஓய்வும் வேண்டும். இந்த மூன்றையும் தரும் பொறுப்பு பெரியவர்களுடையது. தந்தபிறகு பிள்ளையிடம் முழு முயற்சியை எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டு. தராமல் எதிர்பார்க்க உரிமை இல்லை.